கோயில் பத்திரிகை நடத்தப் புதுசா வர்றவங்களுக்கு

நம்ம கொங்குப் பக்கத்துல கிறிஸ்தவக் கோயிலுங்க மாசா மாசம் போடற கோயில் பத்திரிகைங்கறது பெரும்பாலும் ஒத்தை ஆள் வேலைதானுங்க. ஆசிரியர்னு பங்குச்சாமியார் பேரு போட்டிருக்கும், ஆனா சேதி சேத்தறது, எழுதறது, டிடிபிக்காரர் பக்கத்துல ஒக்காந்து திருத்தறது, பிரஸ்ஸுக்கு அலையறது, கட்டு கட்டா கொண்டாந்து பூசை முடிஞ்சதும் வாசல்ல நின்னு குடுக்கறது எல்லாம் ஒரு டீச்சரோ, ரிட்டையர் ஆன பேங்க் ஊழியரோ, பனியன் கம்பெனில கணக்கு எழுதற தம்பியோ, வீட்டு வேலையோட வேலையா பாக்கற ஒரு அக்காவோ தான். அப்படி உங்க கைக்கு ஒரு பத்திரிகை வந்துட்டா மொத சில மாசம் என்ன பண்ணோணும்னு ஒருத்தரும் ஒக்கார வெச்சு சொல்லித் தர்றதில்ல, அதுக்குத்தான் இத எழுதறேன். நான் கத்தோலிக்கப் பங்குல இருந்து எழுதறேனுங்க, பங்குன்னா ஒரு கோயிலச் சேந்த சனங்க. சிஎஸ்ஐ, லுத்தரன் சபைக்காரங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும், பங்குப் பேரவைன்னு நான் சொல்ற எடத்துல நீங்க பாஸ்டரேட் கமிட்டின்னு வெச்சுக்கோங்க.

மொதல்லயே ஒன்னு. பிரசங்கத்துக்குப் பீடம் இருக்குது, அதுக்குச் சாமியார் இருக்கறாரு. உங்க கைல இருக்கற வேலை, பங்குல இருக்கற சனங்களோட பேரையும் அவங்க வாழ்ந்த வாழ்க்கையையும் தப்பில்லாம அச்சுல ஏத்தறது. பல்லடத்துல நாப்பது வருசம் தறி ஓட்டுன ஒரு அண்ணன், வால்பாறை எஸ்டேட்ல கொழுந்து பறிச்ச ஒரு அம்மா, விடியக்காலம் மணியடிச்சு கோயில் தெறந்து வெச்ச ஒரு கோயில்பிள்ளை, இவங்களப் பத்தி தினசரில வராது, புத்தகத்துல வராது, கல்லறைல ஒரு சிலுவையும் ரெண்டு தேதியும் மட்டும் இருக்கும். அவங்க பேரு ஒழுங்கான எழுத்தோட, தேதியோட, செஞ்ச வேலையோட அச்சுல வர்ற ஒரே எடம் அனேகமா நம்ம பத்திரிகைதான். கீழ நான் சொல்ற ஒவ்வொரு படியும் இதுக்காகத்தான்.

சாமியாரோ துறவியோ இல்லாத நம்ம பொதுநிலையினருக்கு இதுல என்ன எடம்னு ஒரு தயக்கம் இருக்கும். தயங்க வேண்டாமுங்க. 1963 டிசம்பர் 4ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்பு பத்தி தனியா ஒரு ஆணையே குடுத்துச்சு, அதுல பொதுநிலையினரோட பங்கும் சொல்லியிருக்குது. 1967ல இருந்து வருசா வருசம் உலக சமூகத் தொடர்பு நாள் கொண்டாடறாங்க. அதுக்கான திருத்தந்தையோட செய்தி ஜனவரி 24, பத்திரிகையாளர்களுக்குப் பாதுகாவலரான புனித பிரான்சிஸ் சலேசியார் திருவிழா அன்னிக்கு வருது. திருச்சபைச் சட்டம் 212வது எண்ணுல, திருச்சபையோட நன்மைக்காக தன் கருத்தச் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமையும் சில நேரம் கடமையும் இருக்குதுன்னு இருக்குது. 220வது எண்ணு, யாரோட நல்ல பேரையும் அநியாயமா கெடுக்கவோ அந்தரங்கத்துல கை வெக்கவோ கூடாதுங்குது. இந்த ரெண்டையும் சேத்தே மனசுல வெச்சுக்கோங்க, உரிமை மட்டும் எடுத்துட்டு அடுத்தத உட்டுறக்கூடாது.

இந்த வேலையில ஒரு முன்னோடி வேணும்னா ஸ்பெயின் தேசத்து மனுவேல் லொசானோ கரிதோவப் பத்தித் தெரிஞ்சுக்கோங்க, அங்க எல்லாரும் அவர லோலோன்னுதான் கூப்புடுவாங்க. லினாரெஸ்னு ஒரு ஊரு. எளம் வயசுலயே ஒடம்பு முடங்கி சக்கர நாற்காலிக்கு வந்துட்டாரு, கடைசி ஒம்பது வருசம் கண்ணும் தெரியல. ஆனா எழுத்த உடவே இல்ல, வலது கை முடங்குனப்ப எடது கைல எழுதுனாரு, அதுவும் போனப்ப வாயால சொல்லிச் சொல்லி எழுத வெச்சாரு. 1971ல எறந்தாரு, 2010 ஜூன் 12ல அருளாளர் பட்டம் குடுத்தாங்க. சாமியாரும் இல்ல, துறவியும் இல்ல, நம்மளாட்ட ஒரு பொதுநிலையினர், பத்திரிகைக்காரர். இத நான் பக்திக்கு மட்டும் சொல்லல. உங்க பங்குலயும் வீட்ட உட்டு நகர முடியாதவங்க இருப்பாங்க, நல்லா தமிழ் தெரிஞ்ச பழைய டீச்சருங்க இருப்பாங்க, போன்ல பேசி சேதி வாங்கவும் ப்ரூஃப் பாக்கவும் அவங்களக் கேளுங்க. அவங்களுக்கு நேரம் இருக்குது, ஊர்ல யாரு யாருக்கு என்ன ஒறவுங்கறதும் நம்மள விட அவங்களுக்குத்தான் நல்லா தெரியும்.

1. சாமியார்கூட ஒக்காந்து பேசி முடிங்க

மொத இதழுக்கு முன்னாடியே பேசிரோணும், அப்பறம் பாத்துக்கலாம்னு உட்டா அப்பறம் வராது. பூசை முடிஞ்சு நின்னுட்டுப் பேசறது பத்தாது, நேரம் கேட்டு வாங்கி பங்குப் பேரவைச் செயலாளரையும் கூட வெச்சுட்டு ஒக்காருங்க. கேக்க வேண்டியது இதுதானுங்க: கடைசியா ஓகே சொல்றது யாரு, அச்சுக்குப் போறதுக்கு எத்தன நாள் முன்னாடி அவரு பாப்பாரு, பாக்க முடியலைன்னா யாரு பாப்பாங்க. விளம்பரக் காசு யார் கைல, எந்த அக்கவுண்ட்ல. ஒரு சேதி வேண்டாம்னு அவரு சொன்னா காரணம் சொல்லுவாரா. சாமியார் மாறுதலாகிப் போனா பழைய இதழுங்க, போட்டோவுங்க, மெயில் பாஸ்வேர்டு எல்லாம் யாருகிட்ட இருக்கும்.

இந்தக் கடைசிக் கேள்விய ரொம்பப் பேரு கேக்கறதே இல்லீங்க. சாமியாருங்க சில வருசத்துல மாறிருவாங்க, பங்கு இங்கயேதான் இருக்கும், நீங்களும் இங்கயேதான் இருப்பீங்க. பேசி முடிச்சத ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு பேரவை மினிட்ஸ்ல சேத்திருங்க. மரியாதைக் கொறச்சலா நெனச்சுக்குவாங்களோன்னு பயப்பட வேண்டாம், "ஏனுங் சாமி, நாளைக்கு நான் இல்லீன்னாலும் வர்றவங்களுக்கு ஒதவுமுங்க"ன்னு சொன்னா எந்தச் சாமியாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாரு.

2. பதிவு வேலை

பழைய 1867ம் வருசத்து அச்சுச் சட்டம் போயி, 2023ல வந்த பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1ல இருந்து நடைமுறைல இருக்குது. பத்திரிகைங்களப் பதிவு பண்ற மத்திய அரசு ஆபீஸ, முன்னால ஆர்என்ஐன்னு சொன்னத இப்ப பிஆர்ஜிஐங்கறாங்க, விண்ணப்பம் எல்லாம் பிரஸ் சேவா போர்ட்டல்ல ஆன்லைன்லதான். தலைப்புக்கு ஒன்னுக்கு அஞ்சு பேரு யோசிச்சு வெச்சுக்கோங்க, ஏன்னா இந்தியாவுல எங்கயாவது அதே பேருல தமிழ்ல ஒரு இதழ் பதிவாகியிருந்தாலும், தமிழ்நாட்டுக்குள்ள வேற மொழில அந்தப் பேரு இருந்தாலும் கெடைக்காது. ஒளி, தீபம், சுடர், நற்செய்தின்னு நம்ம மனசுக்கு ஒடனே தோணற பேரெல்லாம் மத்தவங்களுக்கும் தோணியிருக்கும், அதனால ஊரு பேரையோ பாதுகாவலர் பேரையோ சேத்துப் பாருங்க.

'தனிச்சுற்றுக்கு மட்டும்'னு அட்டைல போட்டுட்டா போதும்னு நெறைய பங்குல ஒரு நம்பிக்கை இருக்குது. பூசை நேரம், அன்பியக் கூட்டம் (பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேந்து செபம் பண்ற குழு)னு உள் அறிவிப்பு மட்டும் போட்டா அது ஒரு விதம், நாட்டு நடப்பப் பத்திச் சேதியும் விமர்சனமும் மாசா மாசம் போட்டு சந்தா வாங்குனா அது வேற விதம். உங்களுது எதுல வருதுன்னு ஆயர் (பிஷப்) இல்லத்துல இருக்கற வக்கீலக் கேட்டு எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க. பதிவு இருந்தா தபால்ல பத்திரிகைக்கான சலுகைக் கட்டணத்துக்கு விண்ணப்பிக்கலாம், அதுக்குத் தனியா தபால் துறைகிட்ட பதிவு வாங்கோணும், எந்தத் தேதில எந்த ஆபீஸ்ல போடறோம்னு சொன்னபடி போடோணும், காலம் முடியறப்ப புதுப்பிக்கோணும். அச்சிட்டவர், வெளியிடுபவர், உரிமையாளர், ஆசிரியர் பேரும் எடமும் ஒவ்வொரு இதழ்லயும் இருக்கோணும். இதுக்கு மேல இதுல சொல்றதுக்கு ஒன்னுமில்ல, சலிப்பான வேலை, மொத மாசத்துலயே முடிச்சிருங்க.

3. மாசத்தப் பிரிச்சு வெச்சுக்கோங்க

மாசத்து மொத ஞாயிறு கைல குடுக்கோணும்னா பின்னாடி இருந்து எண்ணிட்டு வாங்க. மொத வாரம் சேதி சேத்தறது, பதினஞ்சாந் தேதி கட்டுரை வாங்கறதுக்குக் கடைசி, இருவதுக்குள்ள டிடிபி, இருவத்திரெண்டு இருவத்திமூணு ப்ரூஃப், இருவத்தஞ்சு பிரஸ். பதினஞ்சுன்னா பதினஞ்சுதான், ஒருக்கா தளத்துனீங்கன்னா எல்லா மாசமும் இருவத்தெட்டாந் தேதி ராத்திரிதான் கட்டுரை வரும்.

திருவழிபாட்டு நாள்காட்டிய டிடிபி மேசை மேல ஒட்டி வெச்சுக்கோங்க. ஞாயிறு வாசகம் மூணு வருசச் சுத்து, முதல் ஆண்டு மத்தேயு, ரெண்டாம் ஆண்டு மாற்கு, மூணாம் ஆண்டு லூக்கா, வருசம் தொடங்கறது கிறிஸ்துமசுக்கு முன்னால வர்ற திருவருகைக் கால மொத ஞாயிறுல, ஜனவரில இல்ல. தவக்காலம் எப்ப ஆரம்பிக்குதுன்னு ஆறு மாசம் முன்னாடியே குறிச்சுக்கோங்க. கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா நொம்பி (திருவிழா) அக்டோபர்ல வருது, நடந்து போற சனத்துக்கு வழி, தண்ணிப் பந்தல், பஸ்ஸு விவரம் செப்டம்பர் இதழ்லயே வந்தாத்தான் பிரயோசனம், நொம்பி முடிஞ்சு போட்டோ மட்டும் போட்டா அது ஆல்பமாத்தான் இருக்கும். நவம்பர்ல கல்லறைத் திருநாள் இதழுக்கு அந்த வருசம் எறந்தவங்க பட்டியல ஜனவரில இருந்தே எழுதிட்டு வாங்க.

4. சேதி எங்க இருந்து வரும்

தானா வராதுங்க. அன்பியத்துக்கு ஒருத்தர்னு புடிச்சு வெச்சுக்கோங்க, எழுதத் தெரியோணும்னு அவசியமில்ல, போன் பண்ணிச் சொன்னா போதும். அப்பறம் வழக்கமா யாரும் கேக்காத எடத்துக்குப் போங்க. பாடகர் குழு, மரியாயின் சேனை, வின்சென்ட் தே பால் சபை இவங்க சேதி தானா வந்துரும், ஏன்னா செயலாளர் இருக்கறாரு, ரிப்போர்ட் எழுதுவாரு. கோயில் கூட்டற அம்மா, ஜெனரேட்டர் போடற பையன், கல்லறைக்குழி தோண்டற அண்ணன், இவங்களப் பத்தி யாரு ரிப்போர்ட் எழுதறது? நீங்கதான்.

திருப்பூரு, அவிநாசி, பெருந்துறை பக்கம் இருக்கறவங்களுக்கு இன்னொன்னு. ஒடிசா, ஜார்கண்ட்ல இருந்து வேலைக்கு வந்த பிள்ளைங்க நம்ம கோயில்ல கடைசி பெஞ்சுல ஒக்காந்திருக்கறாங்க, ஊர்ல அவங்க தாத்தா காலத்துல இருந்தே கிறிஸ்தவங்க, அவங்க பாட்டு, ஆட்டம், நொம்பி எல்லாம் தனி. நம்ம பத்திரிகைல அவங்களப் பத்தி ஒரு வரி இருக்காது. சூப்பர்வைசரையோ, தமிழ் பழகுன ஒருத்தரையோ கூட வெச்சுட்டு மாசத்துக்கு ஒரு பக்கம் அவங்க சொல்றத எழுதுங்க. ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் இருந்தா பூசைக்கே வர முடியாது, அதையும் எழுதுங்க, பேரு போடாம எழுதுங்க, அவங்க வேலைக்கு ஒரு கேடும் வந்துரக்கூடாது.

கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பழமை பேசுங்க. நம்ம ஊர்ல நோட்ட எடுத்தொடனே சனம் வாய மூடிக்கும். காப்பி குடிச்சு, மழை வந்துச்சான்னு கேட்டு, பேரன் பேத்தி பத்திப் பேசி, அப்பறமா "இதக் கொஞ்சம் எழுதிக்கட்டுங்களா"ன்னு கேட்டு நோட்ட எடுங்க.

5. எறப்புச் சேதி எழுதறது

இதுக்குத்தான் நான் கூடுதலா நேரம் குடுக்கச் சொல்லுவேன். பெரும்பாலும் பத்திரிகைல ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பேரு, வயசு, 'இறைவனில் இளைப்பாறினார்', அவ்வளவுதான் வரும். எம்பத்தஞ்சு வருசம் இருந்த ஒரு அம்முச்சிக்கு ரெண்டு வரி போட்டா அது அந்தக் குடும்பத்துக்கும் பத்தாது, ஊருக்கும் பத்தாது.

அடக்கம் முடிஞ்ச அன்னிக்கே போகாதீங்க, ஒறம்பரை எல்லாம் இருப்பாங்க, வெசனத்துல இருப்பாங்க. ஏழாம் நாள் பூசை முடிஞ்சு போங்க. பேரு எப்படி எழுதறதுன்னு மொதல்ல கேளுங்க: அந்தோணியம்மாளா அந்தோனியம்மாளா, ஆரோக்கியசாமியா ஆரோக்கியசாமி பிரகாசமா, குடும்பத்துல எப்படி எழுதறாங்களோ அதுதான் சரி, நம்ம எலக்கணம் அங்க செல்லாது. ஞானஸ்நானப் பேரு ஒன்னு, வீட்டுப் பேரு ஒன்னு இருக்கும், ரெண்டையும் போடுங்க, ஊர்ல அவங்கள வீட்டுப் பேருலதான் தெரியும். எந்த ஊர்ல பொறந்தாங்க, எப்ப இங்க வந்தாங்க, ஏன் வந்தாங்க. நம்ம பக்கத்துல இந்தக் கேள்வி முக்கியமுங்க. 1930கள்ல நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்துல இருந்து கரண்ட் வந்து கோயமுத்தூருல மில்லுங்க பெருகுனப்ப கிராமத்துல இருந்து வந்த குடும்பங்க இருக்குது, தெற்குச் சீமைல இருந்து வால்பாறை எஸ்டேட்டுக்கு ஏறுன குடும்பங்க இருக்குது, தறிக்கு வந்தவங்க, பனியனுக்கு வந்தவங்க இருக்கறாங்க. ஒவ்வொரு எறப்புச் சேதிலயும் இது ஒரு வரி இருந்தா இருவது வருசத்துல உங்க பங்கோட முழு வரலாறும் உங்க இதழுங்கள்லயே சேந்திருக்கும்.

வயசானவங்களுக்கு வருசம் தெரியாது. "எப்பங்க கண்ணாலம் ஆச்சு?"ன்னு கேட்டா "அணை கட்டறப்ப"ம்பாங்க. எந்த அணைன்னு கேளுங்க. பவானிசாகரா இருந்தா 1948ல வேலை ஆரம்பிச்சு 1955ல முடிஞ்சுது, அதுக்குள்ள எப்பவோன்னு ஒரு கணக்கு வந்துரும். அத அப்படியே அச்சுல போட்றாதீங்க, பங்கு ஆபீஸ்ல ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்குது, அந்த வருசங்களத் தேடுங்க. பழைய பதிவேடு லத்தீன்ல இருக்கும், எழுத்து மங்கிப்போயி இருக்கும், சாமியார் அனுமதியோட அவர் முன்னாலயே பாருங்க, போட்டோ புடிச்சு வெளிய அனுப்பாதீங்க, அதுல மத்த குடும்பங்களோட விவரமும் இருக்குது. பேத்திங்க ஒரு வருசம் சொல்லி, பதிவேடு வேற வருசம் சொன்னா, குடும்பத்துகிட்டத் திரும்பிப் போயிக் காட்டிப் பேசி அப்பறமா போடுங்க.

வேலையப் பத்தி விவரமா கேளுங்க. 'மில் தொழிலாளி'ன்னு போட்டா அதுல ஆளு தெரியாது. கார்டிங்கா, ஸ்பின்னிங்கா, எந்த ஷிப்டு, எத்தன வருசம், மில்லு மூடுனப்ப என்ன பண்ணாங்க, பஞ்சுத் தூசியில நெஞ்சு கெட்டுப்போச்சா. இதெல்லாம் எழுதுனா படிக்கற பேரனுக்குத் தன் அப்பிச்சி யாருன்னு தெரியும். கடைசியா எழுதுனத குடும்பத்துல ஒருத்தருக்குப் படிச்சுக் காட்டுங்க, பிரஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி.

சாதிப் பேரு மட்டும் வேண்டாமுங்க. எறப்புச் சேதில, கல்யாண வாழ்த்துல, விளம்பரத்துல எங்கயும் வேண்டாம். பேருக்குப் பின்னால வாலா வந்தாலும் எடுத்துருங்க, விளம்பரம் குடுக்கறவரு கோவிச்சுட்டா கோவிச்சுக்கட்டும். நற்கருணை ஒரே பீடத்துல வாங்கறோம், அச்சுல மட்டும் தனித்தனியா நிக்க முடியாது. இத மொத மாசமே பேரவைல தீர்மானமா போட்டு வெச்சிருங்க, அப்பறம் ஆளுக்கு ஆளு பதில் சொல்ல வேண்டியதில்ல.

6. போடறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

புதுசா ஞானஸ்நானம் வாங்குன பெரியவங்க போட்டோவ சந்தோசத்துல ஒடனே போட்டுருவாங்க. பொறுங்க. 1950ம் வருசத்து குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்து, சீக்கிய, பௌத்த மதத்துக்காரங்களுக்கு மட்டும்தான், தலித் கிறிஸ்தவங்களுக்குக் கெடையாது. இது அநியாயம்னு திருச்சபை ரொம்ப வருசமா போராடிட்டு இருக்குது. ஆனா அது மாறுற வரைக்கும் ஒருத்தரோட பேரும் போட்டோவும் நம்ம பத்திரிகைல வந்தா அவரோட பிள்ளையோட சர்ட்டிபிகேட்டு, படிப்பு, வேலை வரைக்கும் போயி நிக்கும். வீட்லயும் தெருவுலயும் எதிர்ப்பு வரலாம். அதனால அவங்களத் தனியா பாத்து, நாலு பேரு முன்னால வெச்சு இல்லாம, வேணுமா வேண்டாமான்னு கேளுங்க. கொஞ்சம் தயங்குனாலும் வேண்டாம்னுதான் அர்த்தம். இத சாமியார்கிட்டயும் சொல்லி வெச்சிருங்க.

சாட்சி, அற்புதம்னு கடுதாசி வரும். நன்றி சொல்லறத போடலாம். "டாக்டர் கைவிட்டாரு, எண்ணெய் பூசினேன், கேன்சர் போச்சு, மருந்த நிறுத்திட்டேன்"னு வந்தா போடாதீங்க, ஒரு ஆளு அதப் படிச்சுட்டு மருந்த நிறுத்துனா அந்த உசுருக்கு யாரு பதில் சொல்றது. நோய் தீர்ற விளம்பரத்துக்கு 1954ம் வருசத்துலயே தனிச் சட்டம் இருக்குது, விளம்பரமா வந்தாலும் திருப்பி அனுப்புங்க. அற்புதம்னு சொல்றது திருச்சபை விசாரிச்சுச் சொல்ற காரியம், நம்ம மேசைல முடிவாகற காரியம் இல்ல.

திருத்தந்தை சொன்னாருன்னு வாட்ஸப்புல வர்றது பாதி அவரு சொன்னதே இல்ல. வத்திக்கான் இணையத்துல தமிழ்ப் பிரிவே இருக்குது, அங்க இருந்தா மட்டும் போடுங்க, தேதியும் எங்க பேசுனாருங்கறதும் சேத்து. உதாரணத்துக்கு, 2025 மே 8ல தேர்வான திருத்தந்தை பதினாலாம் லியோ, மே 12லயே பத்திரிகையாளர்களச் சந்திச்சு, உண்மைய எழுதுனதுக்காக சிறைல இருக்கறவங்கள விடுதலை பண்ணோணும்னு கேட்டாரு. இப்படித் தேதியோட எழுதுனா யாரும் தேடிப் பாத்துக்கலாம்.

நன்கொடைப் பட்டியல்ல தொகை வரிசைல பேரு போடாதீங்க, அகர வரிசைல போடுங்க. மொத்த வரவு செலவக் காசு வரைக்கும் தனியா போடுங்க, அது சனத்துக்குத் தெரிய வேண்டியது. நூறு ரூவா குடுத்த பாட்டி கடைசி வரில இருக்கறது சரியில்லீங்க. பிள்ளைங்க போட்டோவுக்கு அப்பா அம்மாகிட்ட கேளுங்க, நோயாளி போட்டோ வேண்டவே வேண்டாம்.

7. வரலாற்றுப் பக்கம்

எல்லாருக்கும் ஆசையா இருக்கற பக்கம், கூடுதலா தப்பு வர்ற பக்கமும் இதுதான். நூற்றாண்டு மலர்ல இருந்து எடுத்து எழுதுவாங்க, அந்த மலர் இன்னொரு மலர்ல இருந்து எடுத்திருக்கும். கோவை மறைமாவட்டம் எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டா மூணு வருசம் சொல்லுவாங்க, 1846, 1850, 1886. மூணும் சரிதான், ஆனா மூணும் வேற வேற: 1846ல புதுச்சேரில இருந்து தனி நிர்வாகமா பிரிஞ்சு பிரான்ஸ்ல இருந்து வந்த பிரசியாக் ஆண்டகை பொறுப்பேத்தாரு, 1850ல அப்போஸ்தலிக்க விகாரியட் (மறைமாவட்டத்துக்கு முந்தின படி) ஆச்சு, 1886ல மறைமாவட்டம் ஆச்சு. அந்தப் பிரசியாக் ஆண்டகைக்கு ஆயர் திருப்பொழிவு நடந்ததே நம்ம கருமத்தம்பட்டிலதான், 1846 அக்டோபர் 4ல. இந்த ஊருப் பிள்ளைங்களே குருக்களாகி திருச்சபைய நடத்தோணும்னு பாடுபட்டவரு, அப்பறம் பிரான்ஸ் போயி 1856ல லியோன்ல ஆப்பிரிக்க மிஷன் சபைய ஆரம்பிச்சு, 1859ல ஆப்பிரிக்காவுல ஃப்ரீடவுன்ல காய்ச்சல்ல எறந்தாரு. இப்படி ஒரு ஆளப் பத்தி எழுதறப்ப கதை நமக்குப் பக்கத்துல இருக்கற ஊர்ல ஆரம்பிக்குதுங்கறத மறக்காதீங்க, படிக்கறவங்க அங்க பஸ்ஸுல போறவங்க.

சேலம் மறைமாவட்டம் 1930, ஊட்டி 1955, தருமபுரி 1997. சிஎஸ்ஐக்காரங்க எழுதறப்ப லண்டன் மிஷன் ஆடிஸ் ஐயர் (பாதிரியார்) கோயமுத்தூருக்கு வந்த 1830ல ஆரம்பிச்சு, தென்னிந்தியத் திருச்சபை உருவான 1947 செப்டம்பர் 27, கோவைத் திருமண்டிலம் வந்த 1950ன்னு தனித்தனியா எழுதுங்க, எல்லாத்தையும் ஒரே வருசமா ஒட்டிறக்கூடாது. மிஷனரி பேரோட நின்னுறாதீங்க, அவரு கூட நடந்து போயி வேதம் சொல்லிக் குடுத்த உள்ளூர் உபதேசியார் பேரு எங்கயாவது இருக்குதான்னு தேடுங்க, அது கெடைச்சா அதுதான் உங்க இதழோட தலைப்புச் சேதி.

8. டிடிபி, ப்ரூஃப், பிரஸ்

பக்கம் நாலோட மடங்குல இருக்கோணும், எட்டு பதினாறு மடங்குல இருந்தா பேப்பர் வீணாகாது, காசு மிச்சம். கிரவுன் கால் சைஸு, உள்ள எழுவது ஜிஎஸ்எம் மேப்லித்தோ, ரேப்பர் (மேலட்டை) நூத்தி எழுவது ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், நடுவுல பின்னு, இது போதும். பகட்டுக்கு வேண்டி உள்ள பூராவும் கலர் போடாதீங்க. எழுத்து பன்னெண்டு பாயிண்ட்டுக்குக் கீழ போகாதீங்க, நம்ம வாசகருங்க பாதிப் பேரு கண்ணாடி போட்டவங்க.

டிடிபிக்காரர் பழைய ஃபான்ட்ல வேலை செய்வாரு, உங்களுக்கு கட்டுரை போன்ல யூனிகோடுல வரும், கன்வர்ட்டர்ல போட்டு மாத்தறப்பதான் சிக்கல். ஔ வர்ற எடத்துல ஒவும் ளவும் தனித்தனியா ஒக்காந்திருக்கும், காலு வர்ற எடத்துல ர வந்திருக்கும், ஸ்ரீ காணாமப் போயிருக்கும். இதுக்கு மட்டும் தனியா ஒரு தடவை பாருங்க. போட்டோவ வாட்ஸப்புல சாதாரணமா அனுப்புனா சுருங்கிரும், டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

ப்ரூஃப் ஸ்க்ரீன்ல பாக்காதீங்க, பிரிண்ட் எடுத்து பேனாவுல பாருங்க. மொத தடவை பேருங்க மட்டும், கட்டுரையப் படிக்காம பேருங்கள மட்டும் விரல் வெச்சு, எழுதி வாங்குன நோட்டோட ஒத்துப் பாருங்க. ரெண்டாவது தேதியும் கிழமையும், காலண்டரப் பக்கத்துல வெச்சுட்டு. மூணாவது வேதவசனம். பொது மொழிபெயர்ப்புன்னா 1995 பதிப்பு, பழைய மொழிபெயர்ப்புன்னா அது, ஒரு இதழ்ல ஒன்னுதான், ஒரே நூலுக்கு ரெண்டு மொழிபெயர்ப்புல இருக்கற பேரான திருப்பாடலும் சங்கீதமும் ஒரே பக்கத்துல கலந்து வரக்கூடாது. நாலாவதுதான் எழுத்துப்பிழை, அது ஒருத்தர் சத்தமா படிக்க இன்னொருத்தர் பாத்தா நல்லா மாட்டும்.

தப்பு வந்துருச்சுன்னா அடுத்த இதழ்ல அதே பக்கத்துல, அதே எழுத்து அளவுல திருத்தம் போடுங்க, கடைசிப் பக்கத்து மூலைல ஒளிக்காதீங்க.

9. காசு

ரெண்டு பிரஸ்ல கொட்டேஷன் வாங்குங்க. ஐநூறு காப்பிக்கு ஆகற செலவ ஐநூத்தால வகுத்தா ஒரு காப்பி என்ன ஆகுதுன்னு வந்துரும், அதுல பாதி சந்தாவும் பாதி விளம்பரமும்னு வெச்சா பேரவைகிட்ட மாசா மாசம் போயி நிக்க வேண்டியதில்ல. விளம்பரம் கால்வாசிப் பக்கத்துக்கு மேல போகக்கூடாது. பேக்கரி, நகைக்கடை, ஸ்கூல் அட்மிஷன், பனியன் கம்பெனி எல்லாம் குடுப்பாங்க, சீட்டு, வட்டிக் கம்பெனி விளம்பரம் வந்தா வேண்டாம்னு சொல்லிருங்க. கோயில் பத்திரிகைல வந்துச்சேன்னு நம்பி காசு போடறவங்க இருக்கறாங்க, நம்ம ஊர்ல ஈமு கோழின்னு சொல்லி எத்தன குடும்பம் காச உட்டுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். வரவுக்கெல்லாம் ரசீது, கணக்கு வருசத்துக்கு ஒருக்கா இதழ்லயே.

10. குடுக்கறதும் வெச்சிருக்கறதும்

வாசல்ல குடுக்கறது சுலபம். கோயிலுக்கு வர முடியாதவங்களுக்குப் போறதுதான் முக்கியம், படுக்கைல இருக்கறவங்களுக்கு நற்கருணை கொண்டு போறவங்க கைல ஒரு காப்பி குடுத்து உடுங்க, படிக்க முடியாதவங்களுக்கு ரெண்டு பக்கம் படிச்சும் காட்டச் சொல்லுங்க. எஸ்டேட்டுக்கும் மலைக்கும் போற பஸ்ஸு கண்டக்டர் பழக்கமானா கட்டு போயிச் சேந்துரும்.

ஒவ்வொரு இதழ்லயும் அஞ்சு காப்பி எடுத்து வெச்சிருங்க: பங்கு ஆபீஸ்ல ரெண்டு, ஆயர் இல்ல ஆவணக் காப்பகத்துக்கு ஒன்னு, பக்கத்துல இருக்கற அரசு நூலகத்துக்கு ஒன்னு, உங்ககிட்ட ஒன்னு. பிடிஎஃப்ப மாசம் வருசம் போட்டு பேரு வெச்சு ரெண்டு எடத்துல சேமிங்க, டிடிபிக்காரர் கம்ப்யூட்டர நம்பி உடாதீங்க, அவரு கடை மாத்துனா போச்சு. டிசம்பர்ல பன்னெண்டு இதழையும் ஒன்னா பைண்ட் பண்ணி, முன்னால ஒரு பேரு அகராதி சேருங்க: அந்த வருசம் இதழ்ல வந்த ஒவ்வொருத்தர் பேரும், மாசமும், பக்க எண்ணும். எழுதி முடிக்க ரெண்டு மூணு நாள் பொழுதாகும், மறைக்கல்விப் பிள்ளைங்கள ஒக்கார வெச்சீங்கன்னா சுருக்கா முடிஞ்சிரும், அவங்க அவங்க அப்பிச்சி அம்முச்சி பேரு எந்தப் பக்கத்துல வருதுன்னு தேடிட்டே எழுதுவாங்க.